தெற்கே நின்றுபோன வடை

இந்தக் கதையில் ஓர் இடத்தில் நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள், பக்கத்தில் இருப்பவர் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரிப்பீர்கள், அதற்கு முழு உத்தரவாதம் உண்டு. ஆனால் இப்போது இல்லை. எண்பத்து நாலு பேர் முழங்கால் வரைக்கும் உப்புத் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கும்போது கரையில் இருக்கிற நீங்கள் முந்திக்கொண்டு சிரிப்பது நன்றாக இருக்காது. அவர்கள் சிரிக்கட்டும், அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள்.

தூத்துக்குடிக்குத் தெற்கே சாயல்மேட்டில் ஊரைவிட உப்பளம் பெரிது, உப்பளத்தைவிடக் கங்காணி தவசிமுத்துவின் தொண்டை பெரிது. அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். எல்லோரும் ஒன்றாகப் பாத்தியில் இறங்க வேண்டும், ஒன்றாகக் கரையேற வேண்டும், உள்ளே ஒரே ஓர் ஆள் மிச்சம் நின்றாலும் மற்றவர்கள் யாரும் வரப்பில் கால் வைக்கக் கூடாது, அவர் தன் வாயால் "கரையேறு" என்று சொன்ன பிறகுதான் போகலாம். விடியுமுன் மூன்றரை மணிக்குத் தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவர்கள் உப்பு வாரி, அம்பாரம் குவித்து, காலில் வெடித்த பிளவுக்குள் உப்பு போய் உட்கார்ந்துகொள்ள, பதினோரு மணிக்கு அந்த ஒரு சொல்லுக்காக நிற்பார்கள். நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டோ மயக்கமாக வருகிறது என்றோ எவளாவது வரப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டால், "எவகிட்டளா கேட்ட?" என்று ஓர் அதட்டல் கிளம்பும். அந்த அதட்டலுக்குக் கொக்கு நிற்கும், நாய் நிற்கும், தண்ணீர் இறைக்கிற மோட்டார்கூட ஒரு கணம் திக்கிவிட்டுத்தான் ஓடும்.

அந்த அளத்தில் வேலை செய்கிற அன்னப்பழத்தின் மகள் ஜெபக்கனி. பதினொன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். படிப்பில் சுமார், குரலில் சூரப்புலி. மினிபஸ் கண்டக்டர் மாதிரி விசில் கொடுத்து பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்தியிருக்கிறாள், தலைமை ஆசிரியை மாதிரி மைக்கில் பேசிப் பள்ளிக்கூடத்துக்கே அரைநாள் லீவு விட்டிருக்கிறாள், மாதாகோயில் சாமியார் பிரசங்கத்துக்கு முன்னால் இருமுகிற மூன்று இருமலை அச்சுப் பிசகாமல் இருமி, சபையையே எழுந்து நிற்க வைத்திருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் அடி வாங்கியிருக்கிறாள். அடி வாங்கும்போது அடிப்பவர் குரலிலேயே அழுவாள், அதற்குத் தனியாக ஓர் அடி விழும்.

அவளுடைய தாய்மாமன் பொன்சிங், சடங்கு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் போட்டோ எடுப்பவர். மனிதர்களைச் சிரிக்கச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் வானத்துக்குத் தாவிவிட்டார். கிரைண்டர் மோட்டாரைப் பிரித்துப்போட்டு, வானம் சுற்றுகிற வேகத்துக்குக் கேமராவும் சுற்றுகிற மாதிரி ஒரு கருவி செய்து, அளத்தின் தெற்கு வரப்பில் கொண்டுபோய் நட்டுவிட்டு, மாதக்கணக்காக ஒன்றே ஒன்றின் பின்னால் அலைந்துகொண்டிருந்தார். கிரக நெபுலா என்று அதற்குப் பேர். கிரகத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சாகப்போகிற நட்சத்திரம் ஒன்று கடைசியாக ஊதித் தள்ளிய புகைவளையம் அது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. தென்கடலுக்கு மேலே நாலு விரல் உயரம் ஏறும், அதில் ரெண்டு விரலைக் கடல்மூட்டம் தின்றுவிடும், மிச்சம் இருக்கிற ரெண்டு விரலில் முப்பது நிமிஷம் நின்றுவிட்டு இறங்கிவிடும். மூன்று நிமிஷத்துக்கு ஒரு படம் என்று எடுத்து, இருநூறு படத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அது முகத்தையே காட்டும். பத்துப் படம் எடுப்பதற்குள் அது போய்விடும், மேகம் வந்தால் அதுவும் இல்லை.

"போவுது பாரு, போவுது பாரு! நாம என்ன சும்மாவா நிக்கோம் இங்க? மூதேவி, ரெண்டு நிமிஷம் நின்னா என்ன கொறைஞ்சா போயிரும்?" என்று பொன்சிங் கடலைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்த ஒரு விடியற்காலையில், அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுவந்த ஜெபக்கனி பக்கத்தில் நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். மாமா அழுதுவிடுவார் போலிருந்தது. அவரைச் சிரிக்கவைக்கத்தான் செய்தாள், வேறு எதற்கும் இல்லை. இடுப்பில் கையை வைத்து, கழுத்தை உள்ளே இழுத்து, அடிவயிற்றிலிருந்து கங்காணியின் குரலை எடுத்து, தென்கடலைப் பார்த்து ஒரு போடு போட்டாள்.

"எவகிட்டளா கேட்ட? வேல முடியாம எங்க எறங்குத? நில்லுளா அங்கயே!"

நெபுலா நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்று கேட்டால், அந்த அளத்தில் அந்தக் குரலுக்கு நிற்காதது எதுவுமே கிடையாது, அதனால் நின்றது. பொன்சிங் பதினொன்றாவது படத்தை எடுத்தார், பன்னிரண்டாவதை எடுத்தார், சுற்றியிருந்த நட்சத்திரமெல்லாம் புள்ளி புள்ளியாகக் கேமராவோடு வர, நின்றுபோன அது மட்டும் கோடாக இழுபட்டதைப் பார்த்து மோட்டாரை அணைத்தார், விடிந்தது, சூரியன் வந்தது, அது அப்படியே இருந்தது. பாத்திகளில் எண்பத்து நாலு பேர் உப்பு இழுக்கிற வாருபலகையைத் தூக்கியபடி உறைந்து நின்றார்கள், ஏனென்றால் அதட்டல் அவர்களுக்குத்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். தகரச் செட்டுக்குள் நைலான் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த தவசிமுத்து தன் குரலைக் கேட்டுத் தானே பதறி எழுந்து, தூக்கத்தில் யாரையோ அதட்டியிருக்கிறோம் என்று முடிவு செய்து, வெளியே வந்து, யாரென்று தெரியாமலே எல்லோரையும் இன்னொரு முறை அதட்டினார்.

ஒன்பது நாளில் அது வெறும் கண்ணுக்கே தெரிய ஆரம்பித்தது. வருகிற வெளிச்சம் போக வழியில்லாமல் அங்கேயே தேங்கி, பாத்தித் தண்ணீர் இறுகுவது மாதிரி இறுகி, பழைய செப்புக்காசின் களிம்பு நிறத்தில், உருண்டையாக, நடுவில் ஓட்டையோடு கடலுக்கு மேலே தொங்கியது. டீக்கடை பால்பாண்டி முதல் நாளே அதற்கு வடை என்று பேர் வைத்துவிட்டான், பிறகு யார் வந்து என்ன பேர் சொன்னாலும் எடுபடவில்லை. மீன்பிடிக்கப் போனவர்கள் வடையை இடதுபக்கம் வைத்துக்கொண்டு கரைக்குத் திரும்பினார்கள். சோறு உண்ண மாட்டேன் என்று அடம்பிடித்த பிள்ளைகளுக்கு நிலாவுக்குப் பதில் வடையைக் காட்டினார்கள், பிள்ளைகள் வடைதான் வேண்டும் என்று இன்னும் அடம்பிடித்தன. மினிபஸ்ஸில் "வடை எறங்கு, வடை எறங்கு" என்று கண்டக்டர் கூவினான். பெண் பார்க்க வந்தவர்களை வடை தெரிகிற திசையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். ஒரு மாதத்துக்குள், அது எப்போதும் அங்கேயே இருந்ததாகவும் தங்கள் கல்யாணத்தன்றைக்கு இன்னும் பெரிதாக இருந்ததாகவும் சொல்ல ஆள் வந்துவிட்டது.

அதை நிறுத்தியது யார் என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. எண்பத்து நாலு பேர் காதால் கேட்டிருக்கிறார்கள். விஷயம் தன்னிடம் வந்து சேர்ந்தபோது தவசிமுத்து முதலில் முழித்தார், பிறகு யோசித்தார், பிறகு கண்ணாடி முன்னால் நின்று தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். "நம்ம கொரலு அப்பிடி," என்றார். "தூக்கத்துலயே இம்புட்டுன்னா முழிச்சிருந்தா என்ன ஆவும்னு பாத்துக்கோ."

அதற்கப்புறம் ஊரார் அவரிடம் நடந்த நடை இருக்கிறதே! ஓடிப்போகிற மருமகளை நிறுத்தித் தரச் சொன்னார்கள். துபாய்க்குக் கிளம்புகிற மகனை நிறுத்தித் தரச் சொன்னார்கள். இழுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் உயிரை அதட்டி நிறுத்தச் சொல்லி வண்டி வைத்து அழைத்துப்போனார்கள். கட்டில் பக்கத்தில் நின்று, "எங்கய்யா போற? எவங்கிட்ட கேட்ட?" என்று தெருவே அதிரக் கங்காணி அதட்டினார், பெரியவர் அந்த நிமிஷமே போய்ச் சேர்ந்தார். "அவருக்குக் காது மந்தம், நான் என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டுக் கங்காணி காப்பியைக் குடித்தார். ஊரும் ஆமாம், மந்தம்தான் என்று ஒத்துக்கொண்டது. ஆராய்ச்சிக்காரர்கள் பெட்டி பெட்டியாகக் கருவியோடு வந்தார்கள். அன்றைக்கு என்ன சொன்னீர்கள், அதே வார்த்தையைச் சொல்லுங்கள் என்று அவர்களில் ஒரு பெண் கேட்டபோது, தூங்கிக்கொண்டிருந்த மனிதர் என்னத்தைச் சொல்வார்? பாதி தேவாரமும் பாதி தேர்தல் பிரசாரமுமாக ஒரு கால்மணி நேரம் சொன்னார், அந்தப் பெண் அதை ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டாள்.

சிரிப்பு வருகிறதா? அடக்குங்கள். இதற்கு மேல் சொல்லப்போவதைக் கேட்டால் தானாக அடங்கும்.

முதலாளி வந்து சால்வை போட்டுவிட்டுப் போன மறுநாள், தவசிமுத்து வருகைப் பதிவேட்டில் எண்பத்தைந்தாவது ஆளாக வடையின் பேரை எழுதினார். அளத்தின் தென்கோடிப் பாத்தித் தண்ணீரில் அதன் நிழல் விழுகிறது, தன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அங்கேயே நிற்கிறது, ஆகவே அது அளத்து ஆள். பதினோரு மணிக்குக் கரையேறலாம் என்று வாருபலகையைச் சாய்த்தவர்களைப் பார்த்து அவர் சொன்னார்: "உள்ள ஒரு ஆளு நிக்குல்லா? அது நிக்கும்போது ஒங்களுக்கு என்னளா அவசரம்?"

பதினோரு மணி பன்னிரண்டாயிற்று, பன்னிரண்டு இரண்டாயிற்று, சித்திரை வெயிலில் உப்பு கண்ணாடி மாதிரிக் கண்ணைக் குத்துகிற நேரத்தில் நாலு மணியாயிற்று. நாலு மணிக்கும் அவர் வாய்திறந்து சொல்லவில்லை. பெரிய மனிதர் ஆகிவிட்டதால் சிவப்புத் துண்டை மட்டும் ஓர் ஆட்டு ஆட்டுவார், அதைப் பார்த்துப் போய்க்கொள்ள வேண்டும், அதுகூட தயவுதான், சட்டப்படி பார்த்தால் அதுவும் கிடையாது. இதில் கோபம் வரவேண்டிய இடம் எது தெரியுமா? யாரும் கோபப்படவில்லை என்பதுதான். "அதுவே நிக்குதே, நாம நின்னா என்ன?" என்றார்கள். "அது எவ்வளவு பெருசு, நாம எம்மாத்திரம்?" என்றார்கள். காலை வெந்நீரில் ஊறவைத்துக்கொண்டு, தோல் உரிந்து வந்ததைத் தூக்கி எறிந்துவிட்டு, வடைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படுத்தார்கள்.

அன்னப்பழம் ஒருத்திதான் கும்பிடவில்லை. "அந்த வடைய எவன் நிறுத்துனானோ, எவ நிறுத்துனாளோ, என் கையில மட்டும் கெடைக்கட்டும், வாருபலகையாலயே மண்டையப் பொளந்துருவேன்," என்று கால் எரிகிற ராத்திரிகளில் சொன்னாள். பக்கத்தில் படுத்திருந்த ஜெபக்கனி, யார் குரலும் வராமல் தன் சொந்தக் குரலில் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தாள். வைகாசி முதல் வாரத்தில் மூன்று மணி வெயிலில் அன்னப்பழம் பாத்திக்குள் முகம் குப்புற விழுந்தாள். தூக்கிய இரண்டு பேரை, வரப்பில் கால் வைக்காதே என்று கங்காணி அதட்டினார். நாலு மணிக்குத் துண்டு ஆடும்வரைக்கும் அவளை வாருபலகைமேல் சாய்த்துத் தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொண்டு நின்றார்கள். வீட்டுக்கு வந்தபோது கண் இரண்டும் உப்பில் வெந்து மூடியிருந்தன. பத்து நாள் கட்டு அவிழ்க்கக் கூடாது, திரும்பவும் அந்த வெயிலில் நின்றால் பார்வைக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொன்னார். பத்து நாள் வரவில்லை என்றால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று கங்காணி சொன்னார்.

அன்றைக்குச் சாயங்காலம் ஜெபக்கனி தெற்கு வரப்புக்கு ஓடினாள். நிறுத்தத் தெரிந்த குரலுக்கு அனுப்பவும் தெரியும் என்றுதான் நினைத்தாள். அளத்தில் போகச் சொல்லும் சொல் ஒன்றே ஒன்று. கழுத்தை உள்ளே இழுத்து, "கரையேறு!" என்றாள். வடை அசையவில்லை. அதட்டிச் சொன்னாள், முறைத்துச் சொன்னாள், முப்பது விதமாகச் சொன்னாள், தொண்டை கட்டியதுதான் மிச்சம். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கங்காணி திட்டி ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள், அவர் கரையேறச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை. அவர் வாயால் சொன்ன நாளெல்லாம் பதினோரு மணிக்கு அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். கேட்காத குரலை எப்படித் திருடுவது?

வீடு வீடாகப் போய்க் கேட்டாள். "கங்காணி அண்ணாச்சி கரையேறுன்னு எப்பிடிச் சொல்லுவாரு? சொல்லிக் காட்டுங்க." ஒருத்தி தேன் சொட்டுகிற மாதிரிச் சொன்னாள், ஒருத்தி கோயில் மணி அடிக்கிற மாதிரிச் சொன்னாள், ஒருத்தர் பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டுகிற மாதிரிச் சொன்னார். எண்பத்து மூன்று பேர் எண்பத்து மூன்று விதமாகச் சொன்னார்கள். அந்தச் சொல்லை அவர்கள் காதால் கேட்டதே இல்லை, காலால் கேட்டிருக்கிறார்கள்.

மறுநாள் அம்மாவுக்குப் பதிலாக அவளே இறங்கினாள். பக்கத்தில் நின்றால் ஒருநாளாவது அவர் வாய்தவறிச் சொல்லிவிடமாட்டாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு ஐந்து நாள் நின்றாள். அவளுடைய குதிகாலும் வெடித்தது. துண்டுதான் ஆடியது.

ஆறாம் நாள் பதினோரு மணி நெருங்கும்போது, கங்காணி செட்டுக்குள் படுத்திருந்த சமயம் பார்த்து வரப்பேறி, அம்பாரத்துக்குப் பின்னால் கேமராவோடு உட்கார்ந்திருந்த பொன்சிங்கிடம் போனாள். "மாமா, ஒங்க போனத் தாங்க."

"எதுக்கு?"

"அத அனுப்பப் போறேன்."

"எட்டி, எட்டி, இன்னும் நாப்பது படம் நல்லா வந்தாப் போதும்டி! இவ்வளவு நாள் பொறுத்தோம்…"

"யாரு பொறுத்தா?"

பொன்சிங் கேமராவைத் துடைத்தார். வடை பருத்துப் பருத்து, கடைசியாக எடுத்த படமெல்லாம் வெள்ளைத் தாளாகத்தான் வந்திருந்தன, அதை அவர் சொல்லவில்லை. ஜெபக்கனி கெஞ்சவில்லை, கத்தவில்லை. கண்ணில் கட்டுப்போட்டுக் கிடந்த அன்னப்பழத்தின் குரலில், மெதுவாக, "தம்பி, காலு எரியுதுடா," என்றாள். பொன்சிங் போனை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு, முகத்தை உப்புப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

செட்டுக்குள் கங்காணியின் போன் அடித்தது.

"என்ன தவசி," என்றது முதலாளியின் குரல், வெற்றிலைச் சாற்றை ஒதுக்கிக்கொண்டு. "இது புது நம்பரு. நாளைக்குப் பெரிய பெரிய ஆளுங்க வர்றாங்க."

தவசிமுத்து கட்டிலைவிட்டு எழுந்து, துண்டை இடுப்பில் கட்டினார். "சரிங்க மொதலாளி."

"நிறுத்துனது நீதானான்னு டவுன்ல ஒருத்தன் கேக்கான்வே. எனக்குக் கேவலமா இருக்கு. நாளைக்கு அவன் கண்ணு முன்னாலயே அதக் கரையேறச் சொல்லு, எறங்கட்டும், பிறவு மறுபடி நிறுத்திக்கோ."

"அதுக்கென்ன மொதலாளி, நம்ம பய தான?"

"இப்பவே ஒருதடவ சொல்லிப் பாரு. துண்ட ஆட்டுத வேலையெல்லாம் வேண்டாம். முன்ன எப்பிடிச் சொல்லுவியோ அப்பிடியே வாயத் தொறந்து சொல்லு."

ஜெபக்கனி போனை மாமாவிடம் எறிந்துவிட்டுப் பாத்திக்குள் குதித்தாள். தவசிமுத்து மீசையைத் தடவிக்கொண்டு தெற்கு வரப்பில் வந்து நின்றார். மணி பதினொன்று. கடலுக்கு மேலே வடை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் தொண்டையைச் செருமி, வடையைப் பார்த்துச் சொன்னார்:

"கரையேறு."

எண்பத்து நாலு பேரும் கரையேறினார்கள்.

ஏதோ ஒரே உடம்பு மாதிரி, எண்பத்து நாலு சோடிக் கால்களும் தண்ணீரிலிருந்து சளப்பென்று வெளியே வந்து வரப்பில் நின்றன. "ஏளா! ஒங்களச் சொல்லலளா!" என்று தவசிமுத்து அலறினார். "அதச் சொன்னேன்! எறங்குங்க, எறங்குங்க!"

"அது எப்பிடி அண்ணாச்சி?" என்றாள் முன்வரிசையில் நின்ற சிவனம்மா. "ஒண்ணா ஏறணும்னு நீங்கதான சொன்னீய. கரையேறுன்னுட்டீய, ஏறிட்டோம். அந்தா, அதுதான் ஏறல. அத மொதல்ல அதட்டுங்க."

எல்லோரும் வடையைப் பார்த்தார்கள். வடை அப்படியே இருந்தது.

"கரையேறு!" என்றார் தவசிமுத்து. வடை அசையவில்லை. "கரையேறுன்னு சொல்லுதேம்லா!" அசையவில்லை. கையைத் தட்டினார், காலை உதைத்தார், ஒரு கல்லை எடுத்து எறிந்தார், கல் பக்கத்துப் பாத்தியில் விழுந்தது. "கரையேறுய்யா…" என்றார். குரல் இறங்கிவிட்டது. "ஏறுப்பா ராசா… மொதலாளி பாத்தா என்ன நெனப்பாரு… கரையேறுங்கய்யா…" தொழிலாளிகளிடம் ஒருநாளும் வைக்காத மரியாதையெல்லாம் வடைக்கு வைத்துக் கைகூப்பினார். வரிசையின் கடைசியில் எவளோ ஒருத்திக்கு முதலில் பொத்துக்கொண்டு வந்தது, அது பக்கத்தில் இருந்தவளுக்குத் தாவி, வரப்பு முழுவதும் ஓடி, பல வாரம் நின்ற கால்கள் நிற்க முடியாமல் எண்பத்து மூன்று பேரும் உப்பின்மேல் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, அம்மாவே ஆத்தாவே என்று சிரித்தார்கள். இப்போது நீங்களும் சிரிக்கலாம்.

ஜெபக்கனி மட்டும் சிரிக்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அதில் தேனும் இல்லை, மணியும் இல்லை. உங்களை விடுவதில் எனக்கு இஷ்டமே இல்லை என்று வாய்க்குள்ளேயே மென்று, கடைசி எழுத்தை எச்சில் மாதிரித் துப்புகிற குரல். இந்த அற்பமான ஓசைக்காகவா அம்மா தினமும் ஏழரை மணி நேரம் நின்றாள் என்று நினைத்தபோது அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் கொதித்தது. கழுத்தை உள்ளே இழுத்தாள்.

"கரையேறு."

வடை ஒருமுறை நடுங்கியது. பிறகு, அளத்து ஆட்கள் எல்லோரையும் போல, திரும்பிப் பார்க்காமல், விறுவிறுவென்று கடலுக்குள் இறங்கிப் போய்விட்டது.

சிரிப்பு நின்றது. எண்பத்து மூன்று பேரும் கங்காணியைப் பார்த்தார்கள். கங்காணி தன் வாயைத் தொட்டுப் பார்த்தார். அது மூடியிருந்தது. கையை எடுக்காமலே மெல்லத் திரும்பி, வரப்பில் கழுத்தை உள்ளே இழுத்தபடி நின்ற பெண்ணைப் பார்த்தார், அம்பாரத்துக்குப் பின்னால் போனோடு நின்ற பொன்சிங்கைப் பார்த்தார், வெறும் கடலைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

"அப்ப அன்னைக்கு," என்றார் தவசிமுத்து, "நான் தூங்கிட்டுத்தான் இருந்திருக்கேன்."